கன்சோல் சூடானால் தந்திரம் தேடாதீர்கள், காரணம் தேடுங்கள்

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மதியம். வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டில் நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும் கார் பந்தயம் கடைசிச் சுற்றை எட்டிவிட்டது. ஒரு மணி நேரமாகவே கன்சோலின் காற்றாடி இரைந்துகொண்டிருக்கிறது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைத்து அதைச் சமாளித்துவிட்டீர்கள். திடீரென்று திரை கருத்துப்போகிறது. கருவியைத் தொட்டால் கை சுடுகிறது.

அடுத்து என்ன செய்வீர்கள்? சிலர் உடனே மறுபடியும் முடுக்கிப் பார்ப்பார்கள். சிலர் கைத்தொலைபேசியை எடுத்து, ஐந்து நிமிடத்தில் சரிசெய்யும் தந்திரம் ஏதாவது காணொளியில் உண்டா என்று தேடுவார்கள். சிலர் நேராக அப்பாவிடம் போய்ப் புதிது கேட்பார்கள். அம்மாவோ, “கெட்டுப்போனது நல்லதுதான், இனிமேலாவது புத்தகத்தை எடு” என்பார்.

இந்த நான்கு பதிலிலும் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது: ஏன் அணைந்தது? அந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்யும் எந்த வேலையும் பழுதுபார்ப்பு ஆகாது என்பது என் கருத்து. சூடான கன்சோலுக்குத் தந்திரம் எதுவும் தேவையில்லை. வெப்பம் எந்த வழியாக வெளியேற வேண்டும், அந்த வழி எங்கே அடைபட்டது என்று கண்டுபிடித்தால் போதும். அதற்கு வேண்டிய அறிவியல் பெரும்பாலும் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அலமாரிக்குள் இரண்டு பேர்

முதலில் ஒரு கணக்கு. பிளேஸ்டேஷன் 5 போன்ற கன்சோல் ஒரு கனமான விளையாட்டை ஓட்டும்போது ஏறக்குறைய 200 வாட் மின்னாற்றலை எடுக்கிறது. அதாவது, ஒவ்வொரு வினாடியும் 200 ஜூல். அந்த ஆற்றல் எங்கே போகிறது? நீங்கள் விளையாட்டில் கோட்டை கட்டினாலும், கோல் அடித்தாலும், கன்சோலுக்குள் நுழைந்த மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற விதிக்குக் கன்சோலும் கட்டுப்பட்டதே.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் கன்சோலைத் தொலைக்காட்சி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது, இரண்டு பேரை அந்த அலமாரிக்குள் உட்காரவைத்துப் பூட்டுவதற்குச் சமம். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனித உடலின் வெப்பம் உடல் முழுவதும் பரவியிருக்கும். கன்சோலின் வெப்பத்தில் பெரும்பகுதியோ ஏறக்குறைய 3 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரே ஒரு சில்லில் பிறக்கிறது. ஒரு தபால்தலை அளவுள்ள இடம் அது.

அந்தச் சில்லிலிருந்து வெப்பத்தை அப்புறப்படுத்தும் வேலையை நாம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் பார்க்கும் அஞ்சல் ஓட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். கோலுக்குப் பதிலாக வெப்பம் கைமாறுகிறது. முதல் ஓட்டக்காரர், சில்லின் மேல் பூசப்பட்ட வெப்பப் பசை. சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே இருக்கும் நுண்ணிய காற்று இடைவெளிகளை அது நிரப்புகிறது. காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்தாது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாமவர், மெல்லிய உலோகத் தகடுகளின் அடுக்கு. வெப்பத்தை வாங்கிப் பெரிய பரப்பில் விரித்துவைப்பது அதன் வேலை. மூன்றாமவர், அந்தத் தகடுகளுக்கிடையே காற்றைத் தள்ளும் காற்றாடி. நான்காமவர், உங்கள் அறையின் காற்று.

நான்கு பேரில் ஒருவர் கோலைத் தவறவிட்டாலும் ஓட்டம் போயிற்று. மற்ற மூவரும் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. கன்சோல் சூடாகிறது என்றால், கோலைத் தவறவிட்டவர் யார் என்பதுதான் கேள்வி.

வினாடிக்கு 11 லிட்டர் காற்று

நான்காம் படிவ இயற்பியலில் ‘முவாத்தான் ஹாபா தெந்து’ என்று படிக்கிறீர்களே, அதைத் தமிழில் தன்வெப்ப ஏற்புத்திறன் என்போம். ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை அது சொல்கிறது. காற்றுக்கு அந்த அளவு ஏறக்குறைய 1,000 ஜூல். தேர்வுத் தாளில் மட்டும் பார்த்த அந்த எண்ணை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம்.

கன்சோலுக்குள் நுழையும் காற்று 15 பாகை மட்டும் சூடேறி வெளியே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 200 ஜூல் வெப்பத்தை அது சுமந்து செல்ல வேண்டும். 200-ஐ 1,000-ஆலும் பிறகு 15-ஆலும் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 0.013 கிலோகிராம் காற்று தேவை என்று வரும். கன அளவில் அது 11 லிட்டருக்குச் சற்று மேல். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் ஏழெட்டில் அடங்கும் காற்று, ஒவ்வொரு வினாடியும் அந்தக் கருவியின் ஊடே பாய்ந்தாக வேண்டும்.

இப்போது தூசியைக் கொண்டுவருவோம். கன்சோலின் காற்றுத் துளைகளிலும் தகடுகளின் இடுக்குகளிலும் பூனைமுடியும் பஞ்சும் சேர்ந்து, காற்றோட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். வெப்பம் குறையவில்லை. அதே 200 ஜூலைப் பாதிக் காற்று சுமக்க வேண்டும். எனவே, 15 பாகைக்குப் பதிலாகக் காற்று 30 பாகை சூடேறுகிறது. அறை வெப்பநிலை 33 பாகை என்றால், வெளியேறும் காற்று 63 பாகையில் இருக்கும். சில்லு அதைவிடப் பல பாகை கூடுதலாகச் சுடும். மெல்லிய தூசிப்படலம் செய்யும் வேலை இது.

மூடிய அலமாரியின் கணக்கு இன்னும் மோசம். 100 லிட்டர் கொள்ளளவுள்ள அலமாரியில் இருப்பது ஏறக்குறைய 0.12 கிலோகிராம் காற்றுதான். அதை 1 பாகை சூடாக்க 120 ஜூல் போதும். கன்சோல் தருவதோ வினாடிக்கு 200 ஜூல். வெப்பம் முழுவதும் அந்தக் காற்றிலேயே தங்கினால், ஒவ்வொரு வினாடியும் ஒன்றரைப் பாகைக்கு மேல் ஏறும். உண்மையில் பலகையும் சுவரும் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும், சற்று நேரத்தில் கன்சோல் தான் விட்ட சுடுகாற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

நம் நாட்டு வெப்பநிலையையும் மறந்துவிடக் கூடாது. பிளேஸ்டேஷன் 5, நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆகிய இரண்டுமே 5 முதல் 35 பாகை வரையுள்ள சூழலில் இயங்குவதற்கானவை என்று அவற்றின் தயாரிப்பாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். குளிர் நாட்டில் 20 பாகை அறையில் விளையாடும் ஒரு மாணவருக்கு அந்த எல்லையைத் தொட இன்னும் 15 பாகை மிச்சம் இருக்கிறது. மலேசியாவில் மதியம் 33 பாகை என்பது அன்றாட நிலவரம். நமக்கு மிச்சம் இருப்பது 2 பாகை! அங்கே அலமாரிக்குள் வைத்தும் தப்பிக்கும் கன்சோல் இங்கே தப்பிக்காமல் போவதற்கு இதுவே காரணம். வெளிநாட்டுக் காணொளியில் ஒருவர் “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்லும்போது, அவருடைய அறை எத்தனை பாகை என்று கேட்கப் பழகுங்கள்.

மூன்று சிவப்பு விளக்குகள்

வெப்பத்தை அலட்சியப்படுத்தினால் எவ்வளவு செலவாகும் என்பதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாளாக ஆக, நிறைய வீடுகளில் அந்தக் கருவியின் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் மின்னத் தொடங்கின. அதற்குப் பிறகு கருவி வேலை செய்யவில்லை. இரசிகர்கள் அதற்கு ‘மரணச் சிவப்பு வளையம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

2007 ஜூலை 5-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிப்பதாகவும், அதற்காக 105 கோடி முதல் 115 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்குவதாகவும் அது கூறியது. அன்றைய மதிப்பில் 350 கோடி ரிங்கிட்டுக்கும் மேல்.

காரணம் என்ன? பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2021-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் ஆவணப்படத்தில் அந்நிறுவனத்தின் பொறியாளர்களே அதை விளக்கினார்கள். கருவியை முடுக்கும்போது சில்லு சூடாகிறது, அணைக்கும்போது குளிர்கிறது. இப்படி மாறி மாறிச் சூடாகியும் குளிர்ந்தும், சில்லுத் தொகுதிக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள் முறிந்தன.

இதுவும் நீங்கள் அறிந்த பாடம்தான். பொருள்கள் சூடானால் விரிவடையும். ஆனால், எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவடையாது. சில்லு செய்யப்படும் சிலிக்கானைவிட மின்சுற்றுப் பலகை ஐந்து மடங்குக்கும் மேல் விரிகிறது. இரண்டையும் பிணைத்து நிற்கும் இணைப்புகள் இரு பக்கமும் இழுபடுகின்றன. ஒரு காகிதக் கவ்வியை எடுத்து ஒருமுறை வளைத்துப் பாருங்கள், உடையாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் பட்டென்று உடையும். கம்பியின் வலிமை திடீரென்று குறைந்துவிடவில்லை; ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்தது. வெப்பமும் மின்னிணைப்புகளை அப்படித்தான் சோர்வடையச் செய்கிறது. வெப்பநிலை ஏறி இறங்கும் அளவு கூடக் கூட, சோர்வும் விரைந்து வரும். பிந்திய மாதிரிகளில் குறைந்த மின்னாற்றலில் இயங்கும் சிறிய சில்லுகள் வந்ததற்கு மதிப்பு இங்கேதான்.

அதனால்தான் இன்று உங்கள் கன்சோல் அணைந்து, ஆறிய பின் மறுபடியும் ஓடினால், “ஒன்றும் ஆகவில்லை” என்று நினைத்துவிடாதீர்கள். காகிதக் கவ்வி இன்னொரு முறை வளைந்திருக்கிறது.

துண்டு வைத்தியம்

அந்தக் காலத்தில் பரவிய ஒரு வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். செத்துப்போன எக்ஸ்பாக்ஸைக் குளியல் துண்டுகளால் இறுகச் சுற்றி, முடுக்கி, கொதிக்கக் கொதிக்க விட வேண்டுமாம். பிறகு ஆறவைத்தால் உயிர் பெற்றுவிடுமாம். விந்தை என்னவென்றால், சில கருவிகள் உண்மையிலேயே மறுபடியும் ஓடின! உடனே, “வெப்பத்தில் சோல்டர் உருகி, விரிசல் ஒட்டிக்கொண்டது” என்று விளக்கமும் கொடுத்துவிட்டார்கள். இதே விளக்கத்தோடு முடி உலர்த்தி, அடுப்பு என்று புதுப்புது வைத்தியங்கள் இன்றும் சுற்றி வருகின்றன.

அந்த விளக்கத்தை எண்களோடு உரசிப் பாருங்கள். ஈயம் கலக்காத இன்றைய சோல்டர் உருகத் தொடங்கும் வெப்பநிலை ஏறக்குறைய 217 பாகை. ஈயம் கலந்த பழைய வகைக்குக்கூட 183 பாகை வேண்டும். துண்டு சுற்றிய கன்சோல் அவ்வளவு சூடாக முடியாது. அதற்கு வெகு முன்பே பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். ஆக, எதுவும் உருகவில்லை. அப்படியென்றால் ஏன் ஓடியது? வெப்பத்தில் பாகங்கள் விரிந்தபோது, முறிந்த முனைகள் தற்காலிகமாக ஒன்றையொன்று தொட்டிருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம். முறிவு முறிவாகவே இருந்தது. அதனால்தான் அப்படி ‘உயிர் பெற்ற’ கருவிகள் விரைவில் மறுபடியும் படுத்தன. வெப்பத்தால் வந்த நோய்க்கு மேலும் வெப்பத்தையே மருந்தாகக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? மின்சாரம் பாயும் கருவியைத் துணியால் சுற்றிச் சூடேற்றுவது தீவிபத்துக்கு அழைப்பு வைப்பதும்கூட.

அடுப்பில் 217 பாகையை எட்ட முடியும்தான். ஆனால், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் உருக்குலையும், மின்தேக்கிகள் கெடும், பிறகு அதே அடுப்பில் அம்மா கேக் செய்வார்.

எதிர்ப்பக்கத் தந்திரமும் ஒன்று உண்டு: பனிக்கட்டிப் பையைக் கன்சோலின்மேல் வைப்பது. கடையில் மைலோ ஐஸ் வாங்கினால் குவளையின் வெளிப்புறம் ஏன் நனைகிறது? நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். பெரும்பாலான நாள்களில் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிர்த்துவிடும். அந்தத் துளிகள் மின்சுற்றுப் பலகையில் துளிர்த்தால், சூட்டிலிருந்து காப்பாற்றப் போய் முதலுக்கே மோசம் வரும்.

“ஒருவருக்கு வேலை செய்தது” என்பதும், “இதனால்தான் வேலை செய்தது” என்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைக் கன்சோலில் கற்றுக்கொண்டவர், நாளை மருந்து விளம்பரத்திலும் புலனத்தில் வரும் வதந்தியிலும் ஏமாற மாட்டார்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சரி, உங்கள் கன்சோலுக்கு என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், அது எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். கனமான விளையாட்டை அரை மணி நேரம்போல ஆடிய பிறகு அணைந்து, ஆறியதும் மீண்டும் ஓடினால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். முடுக்கிய உடனே அணைந்தால், மின்வழங்கியையோ சுவரில் இருக்கும் மின்செருகியையோ சந்தேகிக்கலாம். கருவி ஓடுகிறது, ஆனால் படம் மட்டும் வரவில்லை என்றால், தொலைக்காட்சிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கம்பியை மாற்றிப் பாருங்கள். ஒரே விளையாட்டில் ஒரே இடத்தில் மட்டும் உறைந்தால், கோளாறு அந்த விளையாட்டின் தரவிலோ வட்டிலோ இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவற்றுக்கும் சூட்டைக் குறை சொல்லக் கூடாது. எக்ஸ்பாக்ஸ் 360-லேயே இரண்டு சிவப்பு விளக்கு என்றால் அதிகச் சூடு, மூன்று என்றால் வன்பொருள் கோளாறு என்று தனித்தனிக் குறிப்புகள் இருந்தன. உங்கள் கருவியும் திரையில் ஏதாவது எச்சரிக்கை காட்டினால், அதை மூடிவிடாமல் படித்து எழுதிவையுங்கள்.

வெப்பம்தான் என்று தோன்றினால், ஒரு சோதனை செய்யலாம். அதற்குமுன் உங்கள் விளையாட்டுப் பதிவுகளைப் பத்திரமாக நகல் எடுத்துவிடுங்கள். முதல் நாள், வழக்கமான இடத்தில் கன்சோலை வைத்து ஒரு விளையாட்டை ஓட்டுங்கள். காற்றாடி எத்தனையாவது நிமிடத்தில் இரையத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது அணையும்வரை காத்திருக்க வேண்டாம். இரைச்சல் உச்சத்துக்குப் போனதும் நிறுத்திவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே விளையாட்டை, கன்சோலைத் திறந்த மேசையில் நாலாபுறமும் இடம்விட்டு வைத்து ஓட்டுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? இங்கே வைக்கும் இடம்தான் தற்சார்பு மாறி. இரைச்சல் தொடங்கும் நிமிடம் சார்பு மாறி. விளையாட்டும் அறையின் வெப்பநிலையும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இடத்தையும் மாற்றி, தூசியையும் துடைத்து, கம்பியையும் மாற்றிவிட்டுப் பிறகு “சரியாகிவிட்டது” என்றால், எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது.

மேசையில் வைத்ததும் இரைச்சல் குறைந்தால், கோலைத் தவறவிட்டவர் நான்காம் ஓட்டக்காரர், அதாவது அறைக்காற்று. செலவே இல்லாத தீர்வு: அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். பிளேஸ்டேஷன் 5-ஐச் சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது அதன் குறிப்பேடு. கம்பளத்தின் மேலும் மெத்தையின் மேலும் வைக்காதீர்கள். மேசையிலும் அதே இரைச்சல் என்றால், அடுத்த சந்தேகம் தூசி.

எதுவரை நாம், எங்கே நிறுத்துவது

தூசியை வெளியிலிருந்து எடுப்பது உங்களால் முடிந்த வேலை. கருவியை அணைத்து, செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, நன்றாக ஆறவிடுங்கள். காற்றுத் துளைகளை மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைத்து, தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் வைத்து இழுத்தெடுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் தூசி சேர்வதற்கென்றே தனிக் குழிகள் உண்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் அவற்றைச் சுத்தம் செய்யலாம். ஈரத்துணி வேண்டாம். அழுத்தக் காற்றுப் புட்டியால் ஊதுவதாக இருந்தால், காற்றாடி தாறுமாறாகச் சுழலாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது செய்யுங்கள்.

அதற்கு மேல் போகாதீர்கள் என்று ஆசிரியராக உறுதியாகச் சொல்கிறேன். அதற்குக் காரணங்களும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் உச்ச அளவு ஏறக்குறைய 325 வோல்ட். மின்வழங்கிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்த அளவுக்கு மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அணைந்திருக்கும் கருவி ஆபத்தில்லாத கருவி என்று நினைப்பது தவறு. இரண்டாவது, பிளேஸ்டேஷன் 5-இல் வெப்பப் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி இடம் மாறி விழுந்தாலே பலகை கருகிவிடலாம். மூன்றாவது, கையடக்கக் கருவிகளில் மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்துவதோ அழுத்துவதோ மின்னேற்றுவதோ கூடாது, தீப்பற்றும்.

பழைய பசை காய்ந்துபோயிருந்தாலோ, காற்றாடி சுழலாவிட்டாலோ, கடைக்குக் கொண்டுபோவதுதான் அறிவுடைமை. உத்தரவாதக் காலம் முடிந்ததா என்று முதலில் பாருங்கள். முடியாத கருவியைத் திறந்தால் உரிமை பறிபோகலாம். கடைக்குப் போகும்போது நீங்கள் குறித்துவைத்த நிமிடங்களையும் எடுத்துச் செல்லுங்கள். “என்ன கோளாறு கண்டீர்கள்? எந்தப் பாகத்தை மாற்றினீர்கள்? பழைய பாகத்தைக் காட்ட முடியுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். “சில்லைச் சூடாக்கினோம், சரியாகிவிட்டது” என்று பதில் வந்தால், அது துண்டு வைத்தியத்தின் தம்பி என்று உங்களுக்கு இப்போது தெரியும். பணத்தைக் கொடுக்கும் முன் எத்தனை மாத உத்தரவாதம் என்று கேட்க அந்த அறிவு உதவும்.

வீட்டில் இதைச் சொல்லுங்கள்

பெற்றோரில் சிலர் கேட்பார்கள்: “விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை ஆராய்ச்சியா?” அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. இரவு இரண்டு மணிவரை ஆடிவிட்டு வகுப்பில் தூங்கும் மாணவர்களை நானும் பார்க்கிறேன். ஆனால், எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு வீட்டில் விதி வகுக்க வேண்டும். இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளைத் தூசிக்கும் அலமாரிக் கதவுக்கும் பலி கொடுப்பது ஒழுக்கப் பயிற்சி ஆகாது. சில குடும்பங்களுக்கு அது பல மாதச் சேமிப்பு. கன்சோலைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட பிள்ளை, மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம் என எல்லாவற்றிலும் அதே கேள்வியைக் கேட்கும். வெப்பத்தை வெளியேற்றும் வேலை அவை எல்லாவற்றிலும் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே என்று தாத்தா சொல்வதும் இதே அறிவியல்தான்.

வேறு சிலர், “பழையதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினால் தொல்லை இல்லை” என்பார்கள். போடுவது எங்கே? உலகம் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது என்கிறது ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகளின் அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே. மலேசியச் சட்டத்தில் மின்னணுக் கழிவு சாதாரணக் குப்பை அல்ல; 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் அட்டவணையிடப்பட்ட கழிவு அது. உண்மையிலேயே காப்பாற்ற முடியாத கருவியை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும். ஆனால், தூசி அடைத்ததற்காக ஒரு கருவியைக் கழிவாக்குவது, மூக்கடைப்புக்காக ஆளையே அடக்கம் செய்வதைப் போன்றது.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெப்பம் பற்றிய பாடத்தை நடத்தும்போது, தண்ணீரையும் அலுமினியக் கட்டியையும் சூடாக்கும் வழக்கமான சோதனையோடு, ஓடாத பழைய கன்சோல் ஒன்றையும் மேசைமேல் வைப்போம். மின்வழங்கியை ஆசிரியரே முன்கூட்டிப் பாதுகாப்பாக அகற்றிவிடலாம். சில்லு எங்கே, தகடுகள் எங்கே, காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்று மாணவர்கள் விரலால் தொட்டுக் காட்டட்டும். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் தேர்வு முடிந்ததும் மறப்பார். வெப்பத்தின் பாதையைக் கண்ணால் பார்த்தவர் எளிதில் மறக்க மாட்டார்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டுக் கன்சோலோ மடிக்கணினியோ ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று எந்தப் பக்கம் நுழைகிறது? சூடான காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது? அந்த இரண்டு வாசலுக்கும் முன்னால் என்ன இருக்கிறது? அங்கே ஒரு சுவரோ, திரைச்சீலையோ, புத்தக அடுக்கோ இருந்தால், அதை நகர்த்த உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.